வறண்ட தொட்டிதான் ஒழுகும்

கேள்வி: டொரன்டோவின் ஸ்காபரோவிலிருந்து இடம்பெயர்ந்து, கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் தீவில் நனைமோவுக்கு அருகே கடந்த ஆண்டு ஒரு வீடு வாங்கினோம். பின்வளவில் ரெட் சீடார் மரத்தாலான வட்டமான வெந்நீர்க் குளியல் தொட்டி ஒன்று இருக்கிறது. 5 அடி அகலம், 3 அடி உயரம். உள்ளேயே அலுமினிய விறகடுப்பு மூழ்கியிருக்கும் வகை, பம்ப் கிடையாது. முன்பிருந்தவர்கள் இரண்டு கோடைகாலம் அதை வெறுமையாக விட்டிருந்தார்கள். பலகைகளுக்கிடையே கத்தி நுழையும் அளவு இடைவெளி. நீர் நிரப்பினால் ஓர் இரவில் வடிந்துவிடுகிறது. என் கணவர் தொட்டியைச் சுற்றியுள்ள உலோகப் பூண்களின் நட்டுகளை முடிந்தவரை முறுக்கினார். இரண்டு இடங்களில் சிலிக்கான் பசையும் அடைத்தார். வல்வெட்டித்துறைக்காரரான என் மாமனார், தோணிக்குக் கலப்பத்து பார்ப்பதுபோல் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசச் சொல்கிறார். உட்புறம் வெள்ளையாக, பஞ்சுபோல் நார் எழும்பியிருக்கிறது. நட்டுகளின் கீழ் கறுப்புக் கறை. நிற்கும் கொஞ்ச நீரும் தேநீர் நிறமாகிவிடுகிறது. தொட்டியைக் காப்பாற்ற முடியுமா? உள்ளே வார்னிஷ் அடிக்கலாமா? எங்கள் பிள்ளைகளுக்கு 6 வயதும் 9 வயதும். அவர்கள் இறங்குவதற்கு நீரை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது?

பதில்: வணக்கம். இந்தக் கடற்கரையில் மரத்தொட்டிகளைக் கட்டுவதும் செப்பனிடுவதும் என் தொழில். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், அடிப்பலகைகள் அழுகாமல் இருக்கும் பட்சத்தில் உங்கள் தொட்டியைக் காப்பாற்ற முடியும். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இனி அந்த நட்டுகளை முறுக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தைப் பார்த்தவுடன் ஸ்பானரைக் கையில் எடுப்பது எல்லோருக்கும் தோன்றுகிற இயல்பான எண்ணம்தான். ஆனால் மரத்தொட்டிக்கு நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் கேடுகளில் இதுவே முதன்மையானது.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பராமரிப்பின் பெரும்பகுதி தானாகவே புரிந்துவிடும். இவ்வகைத் தொட்டியில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பக்கப் பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அவற்றின் கீழ்ப்பகுதியில் வெட்டப்பட்ட காடிக்குள், அதாவது நீள்பள்ளத்துக்குள், அடிப்பலகைகளின் விளிம்பு செருகியிருக்கிறது. வெளியே பூண்கள் அத்தனையையும் அணைத்துப் பிடித்திருக்கின்றன. நீரை உள்ளே நிறுத்துவது மரத்தின் வீக்கம் மட்டுமே. நியூயார்க் நகரக் கட்டடங்களின் கூரைகளில் இன்றும் நிற்கிற மரத் தண்ணீர்த் தொட்டிகள் இதே முறையில் கட்டப்பட்டவைதான். அவற்றிலும் பசை கிடையாது.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் சுருங்கி விரிகிறது. ரெட் சீடார் முழு ஈரநிலையிலிருந்து முற்றிலும் காய்ந்த நிலைக்குப் போகும்போது, ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காக 2.4 விழுக்காடும், வளையங்களின் போக்கில் 5 விழுக்காடும் சுருங்கும். நல்ல தொட்டிகளுக்கு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த மரத்தையே தேர்ந்தெடுப்பதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம். உங்கள் தொட்டியின் சுற்றளவு ஏறத்தாழ 4.8 மீட்டர். அத்தகைய நல்ல பலகையாகவே இருந்தாலும், உங்கள் பகுதியின் மழை குறைந்த ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அது காயும்போது சுற்றளவில் மொத்தமாக 7 சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும். உங்கள் தொட்டியில் 34 பலகைகள் இருப்பதாகக் கொண்டு அதைப் பங்கிட்டால் ஒவ்வோர் இணைப்பிலும் 2 மில்லிமீட்டர் இடைவெளி வரும். நீங்கள் கண்ட, கத்தி நுழையும் இடைவெளி இதுதான். அது பழுதன்று, மரம் தன் இயல்புப்படி நடந்துகொண்டதன் அளவு. நீர் திரும்பக் கிடைத்தால் அந்த 7 சென்டிமீட்டரும் பெருமளவு திரும்பிவிடும்.

இப்போது, காய்ந்த நிலையில் பூணை இறுக்கி அந்த இடைவெளியை மூடிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீர் நிரப்பியதும் மரம் விரியப் பார்க்கும்; விரிய இடம் இருக்காது. ஊறும் மரத்தின் விரிவிசை மிகப் பெரியது. ஒன்று பூணின் மரையைப் பிய்த்துவிடும், இல்லையென்றால் பலகை விளிம்பின் நுண்ணறைகள் நசுங்கிவிடும். நசுங்கிய அறைகள் மீண்டும் எழும்புவதில்லை. ஆகவே அடுத்த முறை வறளும்போது பலகை முன்னிலும் குறுகலாகிவிடும், இடைவெளி பெரிதாகும், மீண்டும் முறுக்கத் தோன்றும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு தொட்டியை இப்படித்தான் கெடுத்தேன். ஒவ்வொரு துளிக்கும் நட்டை அரைச்சுற்று இறுக்கிக்கொண்டே போனேன். அன்று மாலை ஒழுக்கு நின்றது. மறு கோடைக்குப் பின் அந்தத் தொட்டியின் ஏழெட்டுப் பலகைகளை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பலகைகளின் விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், கண்ணாடிபோல் வழுவழுப்பாக நசுங்கியிருந்த அந்த மரத்திடமிருந்து இந்தப் பாடத்தைக் கற்றேன்.

உங்கள் மாமனாரின் யோசனையை நான் மதிக்கிறேன். 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் கிளவுஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் கட்டப்பட்ட ஊர்க்காரரிடம் மரமும் நீரும் பற்றிப் பேசும்போது கவனமாகவே பேச வேண்டும். கரையில் நீண்ட நாள் ஏற்றி வைத்த தோணியின் பலகைகள் விரிசல் விடும் என்பதும், நீரில் ஊறியபின் அவை இறுகும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறிவு அப்படியே இங்கும் பொருந்தும். ஆனால் கலப்பத்து பொருந்தாது. தோணியின் பலகை உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வங்குகளோடு ஆணியால் பிணைக்கப்பட்டிருப்பதால் அது நகர்ந்து வந்து அடுத்த பலகையைத் தழுவ முடியாது. எனவே இடையில் மென்மையான ஒன்றைத் திணிக்க வேண்டியிருக்கிறது. தொட்டிப் பலகைக்கு அந்தக் கட்டு இல்லை. அது நகர்ந்து வந்து தானே மூடிக்கொள்ளும். 34 இடைவெளிகளிலும் பஞ்சைத் திணித்துவிட்டால், விரிந்து வரும் மரத்துக்கு இடமில்லாமல் போய், நான் மேலே சொன்ன நசுங்கலே நேரும். சிலிக்கானுக்கும் இதே மறுப்புத்தான். அத்துடன் ஈரமரத்தில் அது ஒட்டுவதும் இல்லை. சிலிக்கான் உள்ள இடத்தில் மரத்தோடு மரம் ஒருபோதும் சேராது. அதன் இருபக்கத்திலும் நீர் வழி தேடிக்கொண்டே இருக்கும். கூரான, மெல்லிய அலகால் அதை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். விளிம்பில் பசையின் படலம்கூட எஞ்சக்கூடாது.

அடுத்து, செலவு செய்வதற்கு முன் அழுகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரம் அழுகுவதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். நீரில் முழுக்க ஊறிய உட்பகுதியில் பூஞ்சைக்குக் காற்று கிடைப்பதில்லை. வெயில் படும் வெளிமுகத்தில் ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சேரும் இடம் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது: அடிப்பலகைக்குக் கீழே தொங்கும் பக்கப் பலகைகளின் நுனி, காடியின் வெளிப்புறம், அடியைத் தாங்கும் கட்டைகளின் மேல்முகம். கூரான ஊசியுளியால் இந்த இடங்களைக் குத்திப் பாருங்கள். ஊசி தயங்கித் தயங்கி இறங்கி, நெம்பினால் நீண்ட சிம்பாக உரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, நெம்பும்போது சிறு துண்டுகளாக முறிந்தால் அந்த இடம் போய்விட்டது. மரத்தின் நடுவிலுள்ள வைரப் பகுதியின் இயற்கைச் சேர்மங்களே சீடாரைப் பூஞ்சையிலிருந்து காக்கின்றன. பட்டையை ஒட்டியுள்ள வெளிறுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வெளிர் நிறக் கோடு ஓடும் பலகைகளை முதலில் சோதியுங்கள். ஓரிரு அடிப்பலகைகள் மட்டும் கெட்டிருந்தால் அனுபவமுள்ள ஒருவர் புதிதாகப் போட்டுவிடுவார். பல பலகைகளில் காடியின் உதடே உடைந்து மெத்தென்று ஆகியிருந்தால், வருத்தத்தோடு சொல்கிறேன், அந்தப் பணத்தைப் புதுத் தொட்டிக்கு வைத்துக்கொள்வதே மேல்.

குனிந்து பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தொட்டியின் முழு எடையும் அடிப்பலகைகள் வழியாகத் தாங்கு கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கப் பலகைகளின் நுனிகள் தரையைத் தொடாமல் ஓர் அங்குலமாவது தூக்கி நிற்க வேண்டும். உங்கள் தொட்டி ஏறத்தாழ 1,200 லிட்டர் கொள்ளும். அதாவது ஆட்களையும் அடுப்பையும் சேர்க்காமலே 1,200 கிலோ. காலப்போக்கில் கட்டைகள் மண்ணில் இறங்கி, பக்கப் பலகைகள் தரையில் ஊன்றிவிட்டால், அந்த எடை அவற்றை மேலே தள்ளிக் காடியைப் பிளந்துவிடும். அடியில் சேர்ந்திருக்கும் இலைச் சருகுகளை வாரியெடுத்துக் காற்றோட வழி செய்யுங்கள். இந்தச் சருகு அள்ளும் வேலை சிறியதாகத் தோன்றும். ஆனால் நான் பிரித்தெடுத்த தொட்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் அலட்சியத்தால்தான் அழிந்திருந்தன.

அழுகல் இல்லையென்றால் நீரூட்டும் வேலையைத் தொடங்கலாம். என் ஆலோசனை, அதை அக்டோபரில் தொடங்குங்கள் என்பது. கோடையில் உங்கள் பகுதியில் தண்ணீர்க் கட்டுப்பாடு இருக்கும். வெயிலும் நீங்கள் ஊற்றுவதில் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். இலையுதிர்கால மழை வந்துவிட்டால் அதுவே உங்களுக்கு உதவிக்கு வரும். முதலில் நட்டுகளைத் தளர்த்துங்கள். பூண்கள் இறங்கியிருந்தால் பழைய தழும்புகளைப் பார்த்து அவற்றின் இடத்துக்கு ஏற்றுங்கள். கீழ்ப்பூண்களில் ஒன்று அடிப்பலகையின் மட்டத்தில், காடிக்கு நேர்வெளியே இருக்க வேண்டும். நீரின் அழுத்தம் கீழேதான் அதிகம் என்பதால் கீழ்ப்பூண்கள் நெருக்கமாக இருக்கும். பூண்களின் முனைகளை நட்டோடு சேர்க்கும் பூட்டுகள் எல்லாம் ஒரே பலகையின்மேல் வரிசையாக வராமல் சற்றுச் சற்று விலகி அமையட்டும். மரச்சுத்தியால் பலகைகளைத் தட்டி ஒரே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பூண் கையால் நகராத அளவுக்கு மட்டும், எல்லா நட்டுகளையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். இடைவெளி அப்போதும் தெரியும்; தெரியட்டும். மரை தேய்ந்த நட்டையும் துருவேறிய பூட்டையும் இந்த நேரத்தில் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட கறுப்புக் கறை, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டானது. இரும்பை அகற்றாமல் கறையைத் துடைப்பதில் பயனில்லை. அகற்றியபின் ஆக்சாலிக் அமிலக் கரைசல் கறையை நீக்கும். அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்து, நிறைய நீர்விட்டு அலசுங்கள்.

இனி ஈரச் சாக்குகளை உள்ளும் வெளியும் தொங்கவிட்டு, இரண்டு மூன்று நாள் விடாமல் நனைத்து வையுங்கள். அடுத்து ஓர் அடி உயரத்துக்கு நீர் நிரப்பி, குழாயை மெல்லிய ஒழுக்காகத் திறந்து, வடிவதற்கு ஈடுகட்டுங்கள். கீழ்ப்பகுதி மூடிய பிறகு மட்டத்தை உயர்த்துங்கள். முதல் நாள் சல்லடைபோல் கொட்டும். மூன்றாம் நாள் கோடுகோடாக வழியும். ஒரு வாரத்தில் துளித்துளியாகச் சொட்டும். உங்கள் தொட்டி இரண்டு கோடை காய்ந்தது என்பதால் பத்து நாள்கூட ஆகலாம். இதற்கிடையில் இரண்டு கைப்பிடி நுண்ணிய சீடார் மரத்தூளையோ கோதுமைத் தவிட்டையோ நீரில் தூவிக் கலக்கிவிட்டால், ஒழுகும் நீரே அதை இழுத்துச் சென்று மெல்லிய வழிகளில் படியவைக்கும். பீப்பாய் கட்டுவோரின் பழைய வழக்கம் இது. எல்லாம் ஊறிய பின்னும் ஒன்றிரண்டு இடங்களில் பிடிவாதமாக ஒழுகினால், அங்கே உங்கள் மாமனாரின் கைத்திறன் வேண்டும்: பருத்தி நூற்திரியை முனை மழுங்கிய அலகால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் மெதுவாக அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். நூலும் மரமும் சேர்ந்து வீங்கி அடைத்துக்கொள்ளும். பூணின் நட்டைத் தொட வேண்டிய தேவை, ஊறி முடிந்தபின் தளர்ந்து தெரியும் பூணுக்கு மட்டுமே உண்டு.

உட்புறத்தில் எழும்பியிருக்கும் வெள்ளை நார், முன்பிருந்தவர்கள் குளோரினைத் தாராளமாகப் பயன்படுத்தியதைக் காட்டுகிறது. மரத்தின் நார்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது லிக்னின். மிகையான குளோரின் லிக்னினைக் கரைத்து எடுத்துவிட, பிடிப்பற்ற நார் பஞ்சாக எழும்புகிறது. நைலான் தூரிகையால் நாரோட்டத்தின் திசையிலேயே தேய்த்து, எஞ்சியதைத் தட்டை இரும்புச் சுரண்டியால் எடுங்கள். அழுத்த நீர்ப்பீச்சியை வாடகைக்கு எடுத்துவர வேண்டாம். அது ஆண்டு வளையங்களின் மென்பகுதியை அரித்துப் பலகையை வரிவரியாக்கிவிடும். உப்புத்தாள் போட்டே தீர வேண்டுமென்றால் நல்ல சுவாசக் கவசம் இல்லாமல் தொடாதீர்கள். இந்த மரத்தின் தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் மரஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருளாக நன்கு அறியப்பட்டது. வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால் அவர் அந்தப் பக்கமே வராதிருப்பது நல்லது.

வார்னிஷ் வேண்டாம். உள்ளே எதையுமே பூசக்கூடாது. எண்ணெய் பூசினால் அது நீரில் நுரையாகவும் பிசுக்காகவும் வெளிவரும். வார்னிஷ் மரத்துக்குள் நீர் போவதைத் தடுத்து, வீக்கத்தையே தடுத்துவிடும். வெளியே வார்னிஷ் பூசினாலும், உள்ளிருந்து பலகை வழியாக மெல்ல வெளியேறும் ஈரம் அந்தப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கி உரித்துவிடும். வெளிமுகம் வெயிலில் வெள்ளி நிறமாக மாறுவதை அப்படியே விட்டுவிடுவது என் விருப்பம். நிறம் வேண்டுமென்றால் படலம் கட்டாமல் ஊடுருவும் எண்ணெயை வெளிப்பக்கம் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை தடவலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பூச்சைக் கட்டாயம் என்பேன்: பலகைகளின் மேல்நுனி. மரம் தன் ஈரத்தை மிக விரைவாக இழப்பது குறுக்கே வெட்டிய நுனியில்தான். நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் அந்தப் பகுதி காய்ந்து பிளப்பதும் அதனால்தான். தேன்மெழுகை உருக்கி அங்கே தேய்த்துவிட்டு, நீர்மட்டத்தை எப்போதும் உயரமாகவே வைத்து, நல்ல மூடியொன்று போட்டுவிட்டால் அந்தப் பகுதியும் ஈரத்தோடு இருக்கும்.

தேநீர் நிறத்துக்கு அஞ்ச வேண்டாம். அது டானின், இரண்டு மூன்று முறை நீரை மாற்றினால் வெளுத்துவிடும். இந்த ரெட் சீடார் 1988 முதல் நீங்கள் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மாகாண மரம். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தக் கரையின் பூர்வகுடியினர் ஒரே பலகையில் காடி வெட்டி, ஆவியில் வேகவைத்து மடித்து, மூலையைத் தைத்து, நீர் ஒழுகாத பெட்டிகளைச் செய்து, சூடேற்றிய கற்களை இட்டு அவற்றிலேயே உணவு சமைத்தார்கள். உங்கள் பின்வளவில் நிற்பது அவ்வளவு நெடிய பழக்கம் உள்ள மரம்.

நீரின் சுத்தத்தில் மட்டும் எந்தத் தளர்வும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இது பிள்ளைகளைப் பற்றியது. பம்ப்பும் வடிகட்டியும் இல்லாத தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நாள்கணக்கில் நிற்பது ஆபத்து. 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் நுரையீரலைத் தாக்கும் லெஜியொனெல்லா கிருமிக்கு மிக உகந்தது. தோலில் தடிப்பை உண்டாக்கும் சூடோமோனாஸ் கிருமி மரத்தின் நுண்துளைகளில் எளிதாகத் தங்கும். ஆகவே, ஜப்பானியர் தங்கள் ஹினோக்கி மரத்தொட்டியில் இறங்குவதற்கு முன் செய்வதுபோல், ஒவ்வொருவரும் சோப்பிட்டுக் குளித்து, நன்றாக அலசிக்கொண்ட பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்பதை வீட்டு வழக்கமாக்கிவிடுங்கள். வியர்வையும் தலையெண்ணெயும் நீரில் சேராவிட்டால் மருந்தின் தேவையும் குறையும். குளித்த நீரைச் சில நாள்களுக்குமேல் வைத்திருக்காமல் வடித்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, அன்றே குளிர்ந்த நீரால் நிரப்பிவிடுங்கள். 'அன்றே' என்பதை மறக்க வேண்டாம். கழுவிய தொட்டியைக் காயட்டும் என்று ஒரு கோடைவாரம் திறந்து வைத்தால், இவ்வளவு பாடுபட்டு ஊறவைத்ததெல்லாம் வீணாகிவிடும்.

குளிக்கும் நேரத்தில் கரைந்த குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாமலும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையிலும் இருக்க வேண்டும். சோதனைத் தாளால் ஒவ்வொரு முறையும் பாருங்கள். மரமும் குளோரினைக் கொஞ்சம் தின்னும் என்பதால், இறங்குவதற்குச் சற்று முன்பே சோதிப்பதுதான் சரி. அளவு குறைந்தால் நோய், கூடினால் மரத்துக்குக் கேடு. கண்மதிப்பில் அள்ளிப் போடக்கூடாத பொருள் இது. டைகுளோர் என்ற குளோரின் மருந்துக் குருணையை ஒரு வாளி நீரில் முழுவதும் கரைத்து ஊற்றித் துடுப்பால் கலக்குங்கள். கரையாத குருணை அடிப்பலகையில் படிந்தால் அந்த இடத்தை வெளுத்து அரித்துவிடும். மிதக்கும் டிரைகுளோர் வில்லைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை நீரை அமிலமாக்கி மரத்தையும் உங்கள் அலுமினிய அடுப்பையும் சேர்த்தே கெடுக்கும். வடிக்கும்போது குளோரின் அடங்கும்வரை ஓரிரு நாள் மருந்து சேர்க்காமல், பெரியவர் அருகில் இருக்கும் நேரங்களில் மூடியைத் திறந்து வைத்து, சோதனைத் தாளில் சுழியம் காட்டியபின் புல்தரையில் பரவவிடுங்கள். ஓடைக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ போகவிடாதீர்கள். உங்கள் தீவின் ஓடைகள் சால்மன் மீன்களின் பிறப்பிடம், குளோரின் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும்.

அடுப்பைப் பற்றி இரண்டு விதிகள் உண்டு. அடுப்பைச் சுற்றி நீர் உரிய மட்டத்துக்கு ஏறாதவரை தீக்குச்சி கிழிக்கக்கூடாது; தணல் முற்றிலும் அணையாதவரை நீரை வடிக்கக்கூடாது. நீர்தான் அந்த அலுமினியத்தை உருகாமல் காக்கிறது. சாம்பலை ஆறியபின் உடனே அள்ளுங்கள். ஈரம் பட்ட சாம்பல் காரமாகி உலோகத்தை அரிக்கும். 12 டிகிரியில் இருக்கும் 1,200 லிட்டரை 40 டிகிரிக்கு உயர்த்த, நன்கு காய்ந்த விறகில் 15 முதல் 20 கிலோ வரை பிடிக்கும். வெந்நீர் மேலேயும் குளிர்நீர் கீழேயும் நிற்கும் என்பதால், நன்றாகக் கலக்கியபின் வெப்பமானியைப் பாருங்கள். பெரியவர்களுக்கும் 40 டிகிரிக்குமேல் கூடாது. 6 வயதுப் பிள்ளைக்கு 37 டிகிரியே போதும். நேரமும் பத்து நிமிடத்தோடு நிற்கட்டும். கர்ப்பிணிகள் இறங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அடுப்புக்கும் ஆட்களுக்கும் இடையிலுள்ள மரத்தடுப்பு உறுதியாக இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். பெரியவர் அருகில் இல்லாத எல்லா நேரமும் மூடி பூட்டியே இருக்க வேண்டும். கோடையில் தீத்தடை அறிவிக்கப்படும் நாள்களில் இந்த அடுப்பை எரிக்கலாமா என்று உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையிடம் கேட்டுவிட்டே எரியுங்கள்.

குளிர்காலத்தில் நனைமோவில் உறைபனி நீடிப்பது குறைவு. தொட்டியை நிரம்பியே வைத்திருக்கலாம். கடுங்குளிர் அறிவித்தால் மூடியைப் போட்டு, இடையிடையே அடுப்பை மூட்டுங்கள். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும் என்பதால், மேலே படியும் மெல்லிய பனித்தகட்டை உடைத்துவிட்டால் போதும். அடிவரை உறைய விட்டுவிடக்கூடாது.

தொட்டி தேறிவிட்டதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நிரப்பி முடித்ததும் நீர்மட்டத்தில் உட்பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியை எழுதி, மூடிவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். குழாயை மூடிய நிலையில் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டருக்குமேல் இறங்காத நிலை தொடர்ந்து மூன்று நாள் நீடித்தால், அந்த நீரை வடித்து, புதுநீர் நிரப்பி, முதல் அடுப்பை மூட்டலாம். இரண்டு வாரம் கழித்தும் அதற்குமேல் இறங்கினால், எந்தப் பலகைக்கு நேரே தரை ஈரமாக இருக்கிறது என்பதைக் குறித்து, அடிப்புறத்தின் படங்களோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.